ஐஸ் வீடும் எங்கள் வீட்டுத் திண்ணையும்

போன மாதம் அம்மாவைப் பற்றி நாலு வரி போட்டிருந்தேன். "டீச்சர், உங்க அம்மா எப்படி அந்தக் காலத்துலயே வேலைக்குப் போனாங்க? வீட்டுல விட்டாங்களா?" என்று பல பேர் கேட்டீர்கள். சுருக்கமாகப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தக் கதை ஸ்ரீரங்கத்தில் தொடங்கவில்லை, சென்னைக் கடற்கரையில் தொடங்குகிறது. நடுவில் எங்கள் அத்தைப்பாட்டி வருகிறாள். நீளமாகத்தான் இருக்கும். கணக்கு வகுப்பில் உட்கார வைத்த மாதிரி உட்கார வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அத்தைப்பாட்டி. என் அப்பாவின் அத்தை. 1905இல் பிறந்தவள். 7 வயதில் கல்யாணம், 9 வயதில் விதவை. கணவன் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று சின்ன வயதில் அசட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறேன். "ஊஞ்சல்ல பக்கத்துல உக்காத்தி வெச்சா. அவன் தூங்கிப் போயிட்டான்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய இல்லறம்.

வயதுக்கு வந்ததும் தலையை மழித்து நார்மடி கட்டிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. தென்கலை ஐயங்கார்கள் வீட்டு விதவைகளுக்குத் தலை மழிக்கும் வழக்கம் கிடையாது. நாங்கள் ஸ்மார்த்தர்கள், எங்கள் வீட்டில் உண்டு. பக்கத்து வீட்டு மாமிக்குக் கூந்தல் இருக்கும், அத்தைப்பாட்டிக்கு இருக்காது. தெய்வத்தின் கட்டளை இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சுவரில் மாறிவிடுமா என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

அவள் வாயில் அடிக்கடி ஒரு சொல் வரும்: "ஐஸ் வீடு". மெட்ராஸில் ஒரு ஐஸ் வீடு இருக்கிறது, அங்கே தாலியறுத்த பெண்களைப் படிக்க வைக்கிறார்கள் என்று திருவல்லிக்கேணியில் இருந்த ஒரு உறவினர் அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாராம். அப்போது அவளுக்கு 13 வயது இருக்கும். கொள்ளுத்தாத்தா கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார். அண்ணன்மார்கள் வேறு, "அது ஐஸ்கட்டியால கட்டின வீடுடி, உள்ள போனா விறைச்சுச் செத்துப் போயிடுவே" என்று பயமுறுத்தினார்கள். வெகு நாள் அதை நம்பிக்கொண்டிருந்ததாகச் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வீடு இன்றும் மெரீனாவுக்கு எதிரே நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் என்கிறோம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. நம் ஊரில் ஐஸ் செய்யத் தெரிந்தபின் அந்த வியாபாரம் படுத்தது, கட்டடம் கை மாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே சில நாள் தங்கினார். அதற்குப் பிறகு அங்கே குடியேறிய பெண்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

அவர்களைக் கூட்டி வந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர். அவருக்கும் சின்ன வயதிலேயே கல்யாணம், வெகு சீக்கிரம் வைதவ்யம். எங்கள் அத்தைப்பாட்டியின் கதைக்கும் அவர் கதைக்கும் அதுவரை ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் அப்பாக்களில் வந்தது. சுப்பலட்சுமியின் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் எடுத்து 1911இல் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான். கணிதம் என்று படித்தபோது எனக்கு ஒரு சொந்தம் வந்த மாதிரி இருந்தது, மறைக்கவில்லை.

அடுத்த வருஷமே, 1912இல், எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நாலு பிராமண விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு இல்லம் தொடங்கினார். அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை, சமையலும் நிர்வாகமும் பார்த்துக்கொண்டார். இந்தச் சித்தியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருத்தி வெளியே போய்ப் பாடம் நடத்த, இன்னொருத்தி வீட்டில் சோறு வடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் பிறகு அப்படித்தான் ஆயிற்று.

அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை இருந்தது, கொஞ்சம் சுயநலமும் சேர்ந்து. பெண் பள்ளிக்கூடம் திறந்தால் ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான பெண்ணை வேலைக்கு விட மாட்டார்கள். அப்படியானால் டீச்சருக்கு எங்கே போவது? மிஸ் லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணி, பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ், இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டார். வீட்டு மூலைகளில் ஆயிரக்கணக்கில் இளம் விதவைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பயிற்றுவிக்கலாம். சுப்பலட்சுமியும் இதையே வேறு பக்கத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்ததில் இல்லம் வளர்ந்து, கடைசியில் ஐஸ் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 1914இல் தொடங்கிய குயின் மேரிஸ் கல்லூரி அதே கடற்கரைச் சாலையில். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, அதற்கும் சுப்பலட்சுமிதான் தலைமை. வயது கூடிய விதவைகளுக்காகச் சாரதா வித்யாலயா. மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி.

சொந்தமாகப் பிள்ளை பெறாதவர். ஆனால் அந்தப் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் கண் விழித்ததும், அவர்கள் பரீட்சை எழுதப் போகும்போது பதறியதும் அவர்தான். "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். எனக்கென்னவோ அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸ் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். ஆசாரமான பெற்றோர் பெண்ணை அனுப்ப வேண்டும் என்றால் மடி, தனிச் சமையல் எல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்காக அந்தக் காலத்திலேயே கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம். மற்ற சாதிப் பெண்களுக்கும் சேர்த்துத் திறந்திருக்கலாமே என்றால், திறந்திருந்தால் அந்த நாலு சிறுமிகளும் வந்திருப்பார்களா என்ற கேள்வி நிற்கிறது. நான் அவர் பக்கம் வாதாடவில்லை. பூனாவில் கார்வே 1896இல் விதவைகள் இல்லம் தொடங்கியபோதும், ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் அதற்கு முன்பே விதவைகளுக்கு மறுமணம் செய்துவைத்தபோதும் ஆளுக்கொரு வழிதான் பார்த்தார்கள். சுப்பலட்சுமியின் வழி மறுமணத்தை முன்னால் வைக்கவில்லை, ஒரு சம்பளத்தை வைத்தது.

இனி அம்மா.

அம்மா 1928இல் பிறந்தவள். கொள்ளிடத்துப் பழைய பாலமும் 1928இல் கட்டியதுதான். "நானும் பாலமும் ஒரே வயசு" என்பாள். அவள் பிறந்த மறு வருஷம் சாரதா சட்டம் நிறைவேறியது, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயது ஆகாமல் கல்யாணம் கூடாது. அந்தச் சட்டத்துக்காகப் பேசியவர்களில் சகோதரி சுப்பலட்சுமியும் ஒருவர். சட்டத்தை ஏய்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அம்மாவின் அப்பா கச்சேரி உத்தியோகஸ்தர், வேலைக்குப் பயந்தவர். 14 ஆகட்டும் என்று காத்திருந்தார். காத்திருக்கும் காலத்தில் பெண்ணை வீட்டில் சும்மா வைத்திருப்பானேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. அப்படித்தான் அம்மா 8ஆம் வகுப்பு முடித்து ஈ.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினாள். 15 வயதில் கல்யாணம்.

அந்த 8ஆம் வகுப்புச் சர்டிபிகேட் ஒரு தகரப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்து வருஷம் தூங்கியது. 1953இல் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு 25 வயது. எனக்கு 5, தம்பிக்கு 2.

வீட்டில் ஆலோசனை நடந்தது. பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பிறந்த வீட்டுக்கு அனுப்புவதா, இங்கேயே சமையலுக்கு வைத்துக்கொள்வதா என்று. அடுக்களையிலிருந்து அத்தைப்பாட்டி வந்தாள். ஆண்கள் பேசும் கூடத்துக்கு அவள் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மாவைப் பார்த்து, "உன் பொட்டியில ஒரு கடுதாசி இருக்கோல்லியோ, அதை எடுத்துண்டு வா" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "என் கடுதாசியை அடுப்புல போட்டா. இவ கடுதாசியையும் போட்டா நான் அந்த அடுப்புல இனிமே சமைக்க மாட்டேன்."

இது நான் நேரில் பார்த்ததா, பிறகு பலமுறை கேட்டுக் கேட்டுப் பார்த்ததாக நினைத்துக்கொண்டதா என்று எனக்கே சந்தேகம் உண்டு. 5 வயசு ஞாபகம். ஆனால் நடந்த காரியம் நிஜம். அம்மா திருச்சியில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். ஈ.எஸ்.எல்.சி. படித்தவர்களுக்கு ஹையர் கிரேடு பயிற்சி. 1956 ஜூனில் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் வேலை. எங்களைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பாடம் படிக்கிறோமா என்று (தனக்குப் படிக்கத் தெரியாமலே) கண்காணித்தவள் அத்தைப்பாட்டி. எங்கள் வீட்டு வாலாம்பாள்.

இன்னொன்று இங்கே சொல்லத் தோன்றுகிறது. அதே 1905இல் பிறந்தவர்தான் எழுத்தாளர் குமுதினி, ரங்கநாயகி தாத்தம். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து, நம் ஸ்ரீரங்கத்து வீதியிலிருந்தே கதை, கட்டுரை எழுதி, பிறகு ஆதரவற்ற பெண்களுக்காகத் திருச்சியில் சேவா சங்கம் தொடங்கினார். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே காவிரித் தண்ணீர். அத்தைப்பாட்டிக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது.

அம்மாவின் நாள் 4 மணிக்கு விடியும். பாலத்தைத் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வரை நடை, அங்கிருந்து கிராமத்துக்கு மறுபடி நடை. ஆற்றுக்காற்றில் குடை நிற்காது என்று மழையில் தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு போவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அதே 1956இல்தான் காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் வந்தது. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் அரிசியும் பருப்பும் கேட்ட காலம். திட்டத்தின் அருமை அம்மாவுக்குத் தெரிந்தது ஆஜர்ப் பட்டியலில்தான். காலையில் இல்லாத பெயர்கள் மத்தியானம் இருக்கும். சோற்றுக்கு வந்தவர்களைச் சாயங்காலம் வரை பிடித்து வைப்பது டீச்சரின் சாமர்த்தியம். பிறகு 'கேர்' கோதுமையும் பால் பவுடரும் வந்தன. என் வயதுக்காரர்கள் நாக்கில் அந்த வாசனை இன்னும் இருக்கும்.

பெண் பிள்ளைகள் வராததற்குச் சோறு மட்டும் காரணம் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா, "தம்பியையும் தூக்கிண்டு வா" என்று சொல்லிவிட்டாள். வகுப்பறை உத்தரத்தில் பழைய புடவையில் தூளி கட்டினாள். ஒரு சமயம் மூன்று தூளிகள். ஆய்வுக்கு வந்த ஒரு இன்ஸ்பெக்டர், "இது பள்ளிக்கூடமா, பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாராம். அம்மா, "எண்ணிக்கையைப் பாருங்கோ சார்" என்று ரிஜிஸ்டரை நீட்டினாள். அந்த வருஷம் பெண்கள் எண்ணிக்கை ஏறியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், தூளியை அவிழ்க்கச் சொல்லவில்லை.

என் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு அம்மா ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. அவளுக்கு லீவு எடுக்கப் பயம். பரிசு வாங்கும்போது கூட்டத்தில் தேடுவேன். தலையில் முக்காட்டுடன் அத்தைப்பாட்டி மட்டும் கடைசியில், யார் மேலும் பட்டுவிடாமல், தூணோரம் நிற்பாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நேரம் இருக்கிறது எனக்கு மட்டும் இல்லை என்று பல வருஷம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். நானே டீச்சரானபின், என் மகள் என்னிடம் அதையே சொன்னபோதுதான் அம்மாவிடம் போய் அழுதேன். "அதுக்கு இப்ப என்ன, காபி குடி" என்றாள்.

1969 டிசம்பர். எனக்கு அப்போது 21. வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 20. அத்தைப்பாட்டி வழக்கம்போல முதல் நாள் ராத்திரியே போய் நின்று பரமபத வாசல் சேவித்துவிட்டு வந்தாள். ஊரில் இராப்பத்துக் கூட்டம் இன்னும் குறையவில்லை, பேப்பரில் செய்தி பார்த்தோம். சகோதரி சுப்பலட்சுமி காலமானார். வைகுண்ட ஏகாதசி அன்றுதான் போயிருக்கிறார். பத்மஸ்ரீ வாங்கியவர், மேலவையில் உறுப்பினராக இருந்தவர் என்றெல்லாம் அம்மா வாசித்துக்கொண்டே போனாள். ஐஸ் ஹவுஸ் என்று வந்ததும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தைப்பாட்டி கை நின்றது.

"ஐஸ் வீட்டு அம்மாவா?"

"ஆமாம் அத்தை."

"நெஜமாவே இருந்தாளா?"

அம்மா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அத்தைப்பாட்டி தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள். பந்துக்களில் யாராவது போனால் செய்வது போல.

சில வருஷம் கழித்து மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சுப்பலட்சுமியைப் பற்றி 1966இல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். அதில் எத்தனையோ சிறுமிகள் வருகிறார்கள். அப்பாக்கள் அழைத்து வந்தவர்கள், அழுதுகொண்டே வந்தவர்கள். வராத ஒருத்தியைத்தான் நான் பக்கத்துக்குப் பக்கம் தேடினேன்.

மிச்சம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அம்மா அன்று ரங்கநாதருக்குத் துளசி மாலை சாற்றினாள். அடுத்த வருஷம் ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். நம் திருச்சிப் பக்கத்துப் பாப்பாகுறிச்சியில்தான் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1986இல் ஓய்வு. மறு வருஷம் மார்ச்சில் ராஜகோபுரம் கும்பாபிஷேகம். 236 அடிக் கோபுரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க அவளுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. 2009இல் போனாள். அவளுக்குப் பிறகு 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய பாலம் இடிந்து விழுந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சுப்பலட்சுமியின் இல்லத்தைப் பற்றி மேலே குறை சொன்னேன். எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

அறுபதுகளில் அம்மாவின் பள்ளியில் சேரியிலிருந்து வந்த ஒரு பெண் நன்றாகப் படிப்பாள். 5ஆம் வகுப்போடு நிறுத்த இருந்தார்கள். அம்மா அவள் அப்பாவிடம் மூன்று தடவை நடந்து, டோல்கேட் பக்கத்துப் பள்ளியில் 6ஆம் வகுப்பில் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவாள், அம்மா கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாள். ஐந்து வருஷம். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்.

எல்லாம் திண்ணையில்தான். கூடத்துக்குள் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அத்தைப்பாட்டி மோர் கொண்டுவந்து, தம்ளரைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள். அந்தத் தம்ளர் வீட்டுக்குள் வராது, திண்ணை மாடத்திலேயே கவிழ்ந்திருக்கும். அத்தைப்பாட்டி அப்படி வளர்ந்தவள் என்று சொல்லிவிடலாம். அம்மா? பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணின் மூக்கைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போவாள். அத்தைப்பாட்டியின் மடிக்காக என்று சொல்வாள். அத்தைப்பாட்டி போனபிறகும் அந்தப் பழக்கம் கொஞ்ச நாள் நின்றது. நானும் கேட்டதில்லை. கல்லூரியில் சமத்துவத்தைப் பற்றிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான்.

அந்தப் பெண் பயிற்சி முடித்து டீச்சரானாள். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். அம்மா போன அன்று செய்தி கேட்டு முதலில் வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வாசலில் செருப்பை விட்டாள், நேரே திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அந்த ஓரத்தில், அதே இடத்தில்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "உள்ள வாங்கோ, அம்மாவைப் பாருங்கோ" என்றேன். வந்தாள். அம்மா காலைத் தொட்டாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி திண்ணைக்கே போனாள்.

"இங்கயே இருக்கேன்" என்றாள். "எனக்கு டீச்சர் இருந்தது இங்கதான்."

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் திரும்பி உள்ளே போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் எங்கள் இருவரையும் தாண்டித்தான் அன்று வீட்டுக்குள் போனார்கள்.